ஆனி மாதத்து ஜவுளிக்கடை

மாசிலாமணிக்குத் தீங்கு செய்தவன் அவர் மனைவியின் தம்பி நல்லசிவம். மடத்துப் படியேறியவர் கும்பிடுவதற்கு முன்பே சாமியிடம் அதைச் சொல்லிவிட்டார்.

சாமிக்கு நாற்பது வயதிருக்கும். பங்குச் சந்தையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர். அவரிடம் கடவுளைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் குறைவு.

மாசிலாமணி நூல் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியை, தை மாதம், ஒரு ஜவுளிக்கடைக் கம்பெனியின் பங்கில் போட வைத்தான் நல்லசிவம். பங்கு விலை நானூறு, வருஷ லாபம் பங்குக்கு நாற்பது, பத்து மடங்குதான் விலை, கொள்ளை மலிவு என்றான். இப்போது விலை இருநூற்று அறுபது. இன்னும் மலிவு, மீதிப் பாதியையும் போடுங்கள் என்கிறான். இன்றைக்குள் பதில் வேண்டுமாம்.

"விலை இறங்கிப்போச்சுங்க சாமி. அப்ப மடங்கும் இறங்கணுமில்ல? பேப்பர்ல இருபதுன்னு போட்டிருக்கான். பத்து எப்படிங்க இருபதாச்சு?"

சாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் டவுன் பஸ் ஏறிப் போய், அந்தக் கம்பெனியின் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஒரு டீ. இன்னொரு டீ.

நாலு மாடிக் கடை. கண்ணாடிக்கு உள்ளே ஒரு பெண் ஒரே புடவையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். மத்தியானம் வரை உள்ளே போனவர்கள் பதினோரு பேர். பையோடு வந்தவர்கள் இரண்டு பேர்.

வெறுங்கையோடு வந்த ஒரு அம்மாளை மாசிலாமணியே நிறுத்தி, ஏன் ஒன்றும் எடுக்கவில்லை என்று கேட்டார்.

"ஆனிக் கடைசியில எந்தக் கிறுக்கனாவது துணி எடுப்பானா? பத்து நாள் போனா ஆடித் தள்ளுபடி" என்று அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

நாற்பது ரூபாய் லாபம் என்று நல்லசிவம் எப்படிக் கணக்குப் போட்டான் என்று சாமி விசாரித்தார்.

தீபாவளியை ஒட்டிய மூன்று மாதத்தில் பங்குக்குப் பத்து ரூபாய் லாபம். அதை நாலால் பெருக்கினான் என்றார் மாசிலாமணி.

"இப்ப முழு வருஷக் கணக்கு வந்திருக்குமே?"

"பதிமூணுதானுங்க."

சாமி கடையைப் பார்த்தபடி கேட்டார்.

"வருஷத்துக்கு எத்தனை தீபாவளிங்க?"

மாசிலாமணி கிளாசைக் கீழே வைத்தார். நானூற்றைப் பதிமூன்றால் வகுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முப்பதுக்கு மேல்.

பத்து ஏறி இருபது ஆகவில்லை. முப்பது இறங்கி இருபது ஆகியிருக்கிறது. பத்து என்று ஒன்று இருந்ததே இல்லை.

போன் அடித்தது. நல்லசிவம்தான்.

"போடலைப்பா" என்றார் மாசிலாமணி. "நீ சொன்ன கணக்கு தப்பு மாப்ள. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு அது போதும்."



"சாப்டீங்களா மச்சான்?" என்றான் நல்லசிவம்.