பதினொண்ணாவது விரல்

பாலிஷா? எங்க மாஸ்டர் வெறும் பாலிஷ்தான் போட்டாங்களா?

அந்த வார்த்தைய அப்படியே முழுங்கிடுங்க, தலைவரே. கண்காட்சிக் கமிட்டிக்குத் தலைவரா இருந்தா வாயில வர்றதெல்லாம் தீர்ப்பா?

கண்காட்சியில நிக்கிற துணி துவைக்கிறவ சிலையோட கழுத்துல ஒரு நீல ரேகை ஓடுது. சரி. அவங்க அப்பா செஞ்ச மாதா சிலையிலயும் அதே ரேகை இருந்துச்சு, சின்ன வயசுல கண்ணால பாத்தீங்க. அதுவும் சரி. "மாதாவோட முக்காட்டச் செதுக்கி எடுத்துட்டா சொந்தச் சிலை ஆயிடுமா"ன்னு கேக்குறீங்க. நாளைக்குப் பீடத்துல ஒத்தாவியாங்கிற எங்க மாஸ்டர் பேர அழிச்சுட்டு, அவங்க அப்பா பேர வெட்டப் போறீங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. நேரா பட்டறைக்கு ஓடினேன். பளிங்குக் கல்லு வெட்டுற கராரா மலையடிவாரத்துல, அவங்க தாத்தா காலத்துப் பட்டறை.

மாஸ்டர் முற்றத்துல உக்காந்து உளி தீட்டிட்டு இருந்தாங்க.

"உங்க பேர அழிக்கப் போறாங்க, மாஸ்டர்!"

"அழிக்கட்டும்."

"அது உங்க அப்பாவோட கல்லாமே?"

"ஆமா."

நான் விடல.

"அப்போ அந்தாளு சொன்னது நெசமா? உங்க அப்பா செதுக்கினது எது, நீங்க செதுக்கினது எது? காட்டுங்க!"

"கத்தாத. கல்லு விரிசல் விட்டுரும்."

"மாஸ்டர்!"

"அப்பா செதுக்கினதுதானே பாக்கணும்? செருப்பக் கழட்டு."

"எதுக்கு?"

"அது மேலதான் நிக்கிற."

கீழ பாத்தேன். முற்றம் பூரா வெள்ளைச் சில்லு. இங்க வேலை கத்துக்கிற நாலு வருஷமா மிதிச்சுக்கிட்டு நடக்கிறேன்.

"தாத்தா ஒரு ராஜாவச் செதுக்கினாரு. அந்த ராஜாவ வெட்டி, உள்ள இருந்து அப்பா மாதாவ எடுத்தாரு. மாதாவ வெட்டி நான் இந்தத் துணி துவைக்கிறவள எடுத்தேன். ரேகை மட்டும் கூடவே வருது. ராஜாவுக்கு மார்ல, மாதாவுக்குத் தோள்ல."

"ஊரே வந்து பாத்த மாதா! அது மேல உளி வைக்க எப்படி மனசு வந்துச்சு?"

"வரல. ஒம்பது வருஷம் வரல."

"உங்க அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"சாகிறதுக்கு முந்தி கையில ஒரு உளியக் குடுத்தாரு."

"என்ன சொல்லிக் குடுத்தாரு?"

"தீட்டி வச்சிருக்கேன்னாரு."

செருப்பக் கழட்டினேன். மண்டி போட்டேன். எது ராஜாவோட கிரீடம், எது மாதாவோட முக்காடு, ஒண்ணும் தெரியல. துழாவினேன்.

வழவழன்னு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு.

ஒரு விரல் நுனி. நகம்கூட இருந்துச்சு.

நிமிந்து பாத்தேன். மாஸ்டர் தீட்டி முடிச்ச உளிய என் பக்கம் நீட்டிட்டு இருந்தாங்க.

தலைவரே, நாளைக்குப் பத்து மணிக்குச் சிலைகிட்ட வாங்க. ஊரே வரட்டும். துணி துவைக்கிறவ கையில விரல எண்ணுங்க. பத்தும் முழுசா இருக்கு.

முக்காட்ட மட்டும் எடுத்திருந்தா முற்றத்துல விழுந்திருக்காத இந்த விரல நான் கொண்டு வர்றேன். அவ உடம்புல இது எங்க ஒட்டும்? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொல்லிட்டு அந்தப் பேர அழிங்க.