ஏழு வாய்ப் பூதத்தை நல்லதாக்கிய குரங்கு

ஆலங்காட்டுக் குளத்தின் வடகரையில் ஏழு வாய்ப் பூதம் ஒன்று இருப்பதாக முதலில் கதை கட்டியது ஒரு முள்ளம்பன்றி. கதை முடிந்ததும் குட்டிகளைத் தரையில் கையடிக்கவைத்து, வடகரைக்குப் போகமாட்டோம் என்று சத்தியம் வாங்கும். அது செத்து நாலு மழைக்காலம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அணில் கதை சொல்ல வந்தது. புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. ஏழு வாயை ஒன்பதாக்கி, ஒரு வாலையும் ஒட்டவைத்தது. சத்தியத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

கருவாலன் என்ற குரங்குக்கு இதெல்லாம் எரிச்சல். செத்துப்போனவன் எச்சிலையே எத்தனை நாள் தின்பாய் என்று அணிலைக் கிண்டல் செய்தது. காட்டில் இன்னும் முள்ளம்பன்றியின் பெயர்தான் ஓடியது. அதை அழித்துத் தன் பெயரை நிறுத்தவேண்டும். கருவாலனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அதனால் கதையைத் தலைகீழாகத் திருப்பியது. பூதம் கெட்டதே இல்லையாம். பேச யாரும் வராததால் தனியாக அழுகிறதாம். வடகரையில் கிளம்பும் குமிழிகள் அதன் விம்மலாம். கடைசியில் வரும் சத்தியத்தை, வெறும் உபதேசம் என்று வெட்டி எறிந்தது.

குட்டிகள் சொக்கிப்போயின. அணில் முன்னால் ஒரு ஈகூட உட்காரவில்லை. கருவாலனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அதன் தங்கை செம்பியைக் காணோம். கருவாலன் தேடிக்கொண்டு வடகரைக்கு ஓடியது. அங்கே அது வந்தது அதுதான் முதல் தடவை. பூதமும் இல்லை, வாயும் இல்லை. பாசி மூடிய புதைசேறுதான் இருந்தது. அதில் செம்பி கழுத்துவரை இறங்கியிருந்தது.

"அண்ணே, அழாதேன்னு தடவிக் கொடுத்தேன். இப்ப கையை விடமாட்டேங்குது."

கருவாலன் ஆலவிழுதை இழுத்து வீசியது. விழுது செம்பியின் முகத்துக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. ஆனால் இரண்டு கையும் சேற்றுக்குள். எதைக்கொண்டு பிடிக்கும்? கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

பின்னாலேயே வந்த அணில், இங்கே சேறு இருப்பது தனக்கும் தெரியாது என்று முனகியது. பிறகு கேட்டது: "அந்தக் கதையை இவ்வளவு கிழிச்சியே. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலையா?"

"இல்லடா," என்றது கருவாலன். "நான் முள்ளம்பன்றியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

முன்னால் ஒருவர் சொன்ன கதையைக் காப்பியடித்தாலும் சரி, கவிழ்த்துப் போட்டாலும் சரி, அவர் எதைப் பார்த்து அதைச் சொன்னார் என்று முதலில் போய்ப் பார்க்கவேண்டும்.