கறுப்புக் கண்ணாடிக்கு முன்னே

கால் மடங்காத நோயாளிகள் ஏறுவதற்காக, சகாயராணி தன் ஆட்டோவில் ஒரு இரும்புப் படி பொருத்தியிருந்தாள். ஆட்டோ ஸ்டாண்டுக்குச் சோதனைக்கு வந்த போக்குவரத்து அதிகாரி காரைவிட்டு இறங்கவே இல்லை. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை விரற்கடை இறக்கினார்.

“வண்டியை மாத்தினது குத்தம். ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா ஆட்டோ பறிமுதல்.”

கண்ணாடி ஏறியது. ஏழையின் வண்டி என்றால் சட்டத்துக்குப் பார்வை கூர்மைதான்.

காரிலிருந்து இறங்கிய உதவியாளர் நீட்டிய படிவத்தில் ‘அதிகாரியின் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருந்தது. அவள் கண்ணாடிக்கு நேரே போய் நின்று உதவியாளரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதுல என் மூஞ்சிதானே தெரியுது? அப்போ என் முன்னிலையில நானே ஒப்புக்கிட்டேன், நானே மன்னிச்சும் விட்டுட்டேன்.”

ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது. கண்ணாடி மறுபடி விரற்கடை இறங்கியது. “என்ன திமிரா?”

“இல்ல சார். உள்ளே இருக்கிற ஆளு வெளியே தெரியணும்னு சட்டம் இருக்கு. ஃபிலிமைக் கிழிங்க, உங்களைப் பார்த்துட்டு இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

உதவியாளர் படிவத்தை மடித்துக்கொண்டார். கார் கிளம்பிப் போனது.

சகாயராணி அத்தோடு விடவில்லை. படியை வண்டிப் புத்தகத்தில் பதியச் சொல்லி அன்றைக்கே மேலதிகாரிக்கு மனு எழுதினாள். கடைசி வரியில் அந்தக் காரின் எண்ணையும் எழுதினாள்.