யானைக்கு எழுதிய உரை

மருதங்குடி ராசா வீரகேசரியின் சபைக்கு மல்லாண்டி அன்று அழுக்கு மேல்துண்டோடு வந்தான். சபையைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. அன்றைக்கு அவன் முகத்திலேயே சிரிப்பில்லை.

"என்னடா கோலம் இது?" என்றார் ராசா.

"துவைக்கிறவர்களைக் குளத்தில் இறங்க விடாமல் காவலர்கள் அடித்து விரட்டுகிறார்கள், மகாராஜா. அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை."

"பெரிய குளத்து நீரை ஊரார் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் ஆணையிட்டிருக்கிறேனே!"

"குளக்கரைக் கல்லில் ஆணை ஒரு வரிதான். அதன் கீழே சடாதரப் புலவர் உரை எழுதிவிட்டாரே."

புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "'ஊரார்' என்றது நிலம் உடையாரை. 'நீர்' என்றது பருகும் நீரை. 'எடுத்தல்' என்றது உள்ளங்கையால் எடுத்தலை. என்க."

ராசா சொக்கிப்போனார். "என் ஒரு வரிக்குள் இத்தனை இருந்ததா! புலவருக்கு ஒரு யானை பரிசு. நாளைக் காலை அரண்மனை வாசலில் பெற்றுக்கொள்ளட்டும்."

மல்லாண்டி கும்பிட்டான். "இதுவும் ராஜ வாக்கு. உரை இல்லாமல் விடலாமா? புலவருக்கல்லவா குறை! நான் எழுதுகிறேன்."

"எழுது, எழுது" என்றார் புலவரே, பெருமையோடு.

மறுநாள் புலவர் மாலையும் கரும்புமாக வாசலில் வந்து நின்றார். யானையைக் காணோம். மூக்கைப் பொத்திக்கொண்டு யானைப்பாகன் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தான். ஆவி பறந்தது.

"என்னடா இது?"

மல்லாண்டி ஓலையை விரித்தான். "'யானை' என்றது யானையினின்று காலையில் வெளிப்படுவதை. 'ஒரு' என்றது ஒரு கூடையை. 'பெற்றுக்கொள்ளுதல்' என்றது தலையில் சுமந்து செல்லுதலை. என்க."

ராசா உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்தார். புலவர் மாலையைத் தரையில் வீசினார்.

"மகாராஜா! இது அநியாயம்! யானை என்றால் யானைதான்! சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதற்குப் போய் உரை எழுதுவார்களா?"

"அதைத்தான் ஐயா, குளக்கரையில் உட்கார்ந்து துவைக்கிறவர்களும் கேட்கிறார்கள்" என்றான் மல்லாண்டி.

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெயில் ஏறுவதற்குள் குளக்கரைக் கல்லில் உரை அழிந்தது; ஆணை மட்டும் நின்றது. மல்லாண்டிக்குச் சரிகை போட்ட மேல்துண்டு கிடைத்தது. புலவருக்கு அந்தக் கூடை போதும் என்று சொல்லிவிட்டார் ராசா.