விரிசலைக் காட்டியவர்

கோயம்புத்தூரில், கணபதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் ஒரு சைக்கிள் பட்டறை இருந்தது. மருதாசலம் என்பவர் அங்கே டைட்டானியம் குழாய்களை வெல்டிங் செய்து சைக்கிள் ஃபிரேம் கட்டிக்கொண்டிருந்தார். டைட்டானியம் துருப்பிடிக்காது, கனமும் இருக்காது. ஒழுங்காகக் கட்டினால் ஓட்டுகிறவரைவிட அதிக நாள் இருக்கும். அதனால் மலைப்பாதையில் நெடுந்தூரம் போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு அவரிடம் வந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பழைய ஃபிரேம் தொங்கும். அதன் கீழ்க்குழாய், கைப்பிடிப் பக்கம் போய்ச் சேரும் இடத்தில், பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அது பொள்ளாச்சி நவநீதனுடையது. வால்பாறையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்த இடத்து வெல்டிங் விட்டுவிட்டது. நவநீதன் தடுப்புச் சுவரில் போய் விழுந்தான். இடது தொடை எலும்பு முறிந்தது. சேதி தெரிந்ததும் மருதாசலம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"தப்பு என்னோடதுதானுங்க" என்றார். "வெல்டிங் வெக்கறப்ப காத்துப் படாம இருக்கறதுக்குக் குழாய்க்குள்ள விடற கேஸ் கொறஞ்சிருக்குது. நான் கவனிக்கல. சூடா இருக்கறப்ப காத்துப் பட்டா டைட்டானியம் உள்ளுக்குள்ளயே நொறுநொறுன்னு ஆயிரும்."

நவநீதன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதை வேற யார்கிட்டயாச்சும் சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

"வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன். இந்த ஃபிரேமை வாசலுக்கு நேரா மாட்டி வெக்கறேன். மறைக்க மாட்டேனுங்க."

சொன்னபடியே மாட்டினார். ஒரு மாதத்தில் புது ஃபிரேம் கட்டி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். நவநீதனுக்குக் கால் சரியாகக் கூடவில்லை. அந்தப் புது சைக்கிளில் அவன் ஒரு நாளும் ஏறவில்லை.

சுவரில் தொங்கிய ஃபிரேமுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. யார் வந்தாலும் மருதாசலம் அதன் முன்னால் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். "இது நான் கட்டுனதுதானுங்க. ஒடஞ்சிருச்சு. ஓட்டுனவருக்குக் கால் போயிருச்சு. இன்ன காரணம்" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காரச் சொல்லுவார். வந்தவர்கள் விரிசலின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். நாளாக ஆக ஃபிரேமுக்கு அந்த விரல்கள் பழகிப்போயின. நான் ஓடுகிறதில்லை, ஆனாலும் ஒரு வேலையாகத்தான் இருக்கிறேன் என்று அது நினைத்துக்கொண்டது.

மேசைமேல் வாரண்டிச் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. 'ஆயுள் முழுக்க என் பொறுப்பு. உடைந்தால் கொண்டு வரவும்' என்று அச்சடித்து, கீழே மருதாசலம் கையெழுத்துப் போட்டிருப்பார். கட்டின் மேலே இருந்த சீட்டுக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

"ஜனங்க என்னைப் பாத்துத்தான் வாங்கறாங்க" என்று அது ஒரு நாள் சொன்னது. "உன்னைப் பாத்துப் பயந்துக்கறாங்க. நான் சேக்கறதை நீ கலைக்கறே."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றது வர்ணம் பூசக் காத்திருந்த ஒரு புது ஃபிரேம். "என்னைக் கேட்டு வந்த மனுசன் உன்னைப் பாத்துட்டுப் போயி ஒரு வாரமாச்சு, ஆளையே காணோம்."

"நான் இங்க இருக்கறது அவரு குடுத்த வாக்கு" என்றது பழைய ஃபிரேம்.

"வாக்குன்னா எழுத்துல இருக்கணும்" என்றது சீட்டு. "என் மேல எழுதியிருக்குது பாரு. உன் மேல என்ன எழுதியிருக்குது?"



அந்த வருஷம் அவிநாசி ரோட்டில் பெரிய சைக்கிள் கடை ஒன்று திறந்தது. வெளியூர்க் கம்பெனியின் டைட்டானியம் ஃபிரேம்கள் அங்கே கண்ணாடிக்குள் நின்றன. எங்கள் ஃபிரேம் உடைந்ததே இல்லை என்று பலகை வைத்திருந்தார்கள். மருதாசலத்தைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்ததும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒரு நாள் ஒரு தகப்பனார் காலேஜில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருதாசலம் விரிசலைக் காட்டிப் பேசத் தொடங்கியதுமே அந்தத் தகப்பனார் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இதெல்லாம் எதுக்குங்க எங்ககிட்ட சொல்றீங்க?" என்று கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை சொல்லுவீங்கன்னு வந்தோம்."

அவர்கள் போன பிறகு மருதாசலம் வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக ஒரு வேலையும் வந்திருக்கவில்லை. எழுந்து, ஃபிரேமை இறக்கி, பட்டறைக் கிடுக்கியில் வைத்து இறுக்கினார்.

"என்னை எதுக்கு எறக்கறாரு?" என்று கேட்டது ஃபிரேம். "துடைக்கறதுக்கா?"

ரம்பம் அவர் கையில் இருந்தது. "துடைக்கறதுக்கு என்னை எடுக்க மாட்டாரு" என்றது அது. "நான் கேட்டு வாங்குன வேலை இல்ல இது. கோவிச்சுக்காதே."

டைட்டானியம் சுலபத்தில் அறுபடாது. இரண்டு பிளேடு தேய்ந்துபோயின. ஃபிரேமின் மற்ற வெல்டிங்குகள் எல்லாம் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் மருதாசலம் அறுத்தார். நடுவில் ஒருமுறை கையை நிறுத்தினார். ஃபிரேம், அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். துண்டுகளைப் பழைய குழாய்கள் போடும் டப்பாவில் போட்டு மூடினார். எதிர்ச்சுவரில் புது ஃபிரேமை மாட்டினார்.

"இப்பத்தான் பட்டறை பட்டறை மாதிரி இருக்குது" என்றது வாரண்டிச் சீட்டு.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். முதுகில் பையும் கையில் ஹெல்மெட்டுமாக நின்று, பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எதிர்ச்சுவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு ஃபிரேம் கட்டணுங்க" என்றாள். "மலைக்குப் போறதுக்கு. ரொம்ப வருஷம் வரணும்."

"கட்டிறலாமுங்க. உக்காருங்க."

"வாரண்டி எத்தனை வருஷம்?"

மருதாசலம் சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். சீட்டு தன் எழுத்தெல்லாம் தெரியும்படி விறைப்பாக நின்றது. அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க கட்டுனதுல எதாவது ஒடஞ்சு திரும்பி வந்திருக்குதுங்களா?"

நாலு வருஷமாக அந்தக் கேள்வி வரும்வரை மருதாசலம் காத்திருந்ததே இல்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டுவார். இப்போதும் கை பாதி எழுந்தது. சுவரில் புது ஃபிரேம் பளபளவென்று நின்றது. கையை இறக்கிக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார். "ஒண்ணுகூட இல்லீங்க."

டப்பாவுக்குள் கிடந்த துண்டுகள் அதைக் கேட்டன. விரிசல் இருந்த துண்டு மற்றவற்றிடம், "என்னைப் பத்தியா சொல்றாரு?" என்று கேட்டது. 

அந்தப் பெண் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் நவநீதனோட தங்கச்சிங்க. அம்பிகா" என்றாள்.

மருதாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்க அண்ணனுக்குக் கட்டிக் குடுத்த ஃபிரேம் எனக்கு ஒசரம் ஜாஸ்தி" என்று அவள் சொன்னாள். கோபமில்லாத குரல். "நான் சைக்கிள் வாங்கறேன்னு சொன்னதும் அண்ணன் ஒண்ணுதான் சொல்லுச்சு. வாரண்டியை மட்டும் கேட்டு வாங்கிராதே, எல்லாரும் ஆயுளுக்கும்னுதான் சொல்லுவாங்க. ஒடஞ்சதைக் காட்டச் சொல்லு. எவரு காட்டறாரோ அவருகிட்ட வாங்குன்னுச்சு. மூணு எடத்துல கேட்டேன். எங்களுது ஒடஞ்சதே இல்லைன்னாங்க. அண்ணன் சிரிச்சுது. நேரா கணபதிக்குப் போ, உள்ள போனதும் எதுத்தாப்புல தொங்கும்னுச்சு."

மருதாசலம் எழுந்துபோய் டப்பாவைத் திறந்தார். விரிசல் விட்ட துண்டைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம் இருந்தது அது.

"இதுதானுங்க" என்றார். "அறுத்து மூணு நாளாச்சு."

அம்பிகா விரிசலின்மேல் விரலை வைத்தாள். ஃபிரேம் எத்தனையோ விரல்களைக் கண்டிருந்தது. இந்த விரல் நகரவே இல்லை.

"என்னோடதும் ஒடஞ்சா இப்படித்தான் வெட்டிருவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் டப்பாவை மூடினார். 

அவள் துண்டை மேசைமேல் வைத்தாள். சீட்டை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான் அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேனுங்க" என்றாள். "அங்க இன்னும் தொங்குதுன்னே சொல்லிக்கறேன். வரட்டுங்களா?"

அவள் போய்விட்டாள். மேசைமேல் சீட்டும் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"முழுசாப் படிச்சாங்களே" என்றது சீட்டு, சின்னக் குரலில். "அப்புறம் ஏன் என்னை எடுத்துட்டுப் போகல?"

"உன் மேல எழுதியிருக்கறது நெசமான்னு என்னைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க" என்றது துண்டு. "எனக்கும் அது இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

மருதாசலம் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. நாலு மணிவாக்கில் போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்து நம்பரைப் போட்டார்.

"நவநீதனுங்களா? நான் மருதாசலம் பேசறேன். உங்க ஃபிரேமை அறுத்துப் போட்டுட்டேனுங்க. கேட்டவங்ககிட்ட ஒண்ணுமே ஒடஞ்சதில்லைன்னு பொய்யும் சொல்லிட்டேன்."

 நவநீதன், "அம்பிகா வந்தாளா?" என்று கேட்டான்.

"வந்தாங்க. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னுட்டுத்தான் போனாங்க. நானாத்தான் சொல்றேன்."

"ஏனுங்க அறுத்தீங்க?"

"அதைப் பாத்தவங்க யாரும் நிக்கலீங்க."

"சரிங்க."

"மன்னிச்சுக்கங்கன்னு கேக்கறதுக்குக்கூட..."

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றான் நவநீதன். அவன் குரல் களைத்திருந்தது. "தெனமும் காலைல படியெறங்கறப்ப இந்தக் கால் இழுக்குது. அப்பல்லாம் நெனச்சுக்குவேன், அங்க அது தொங்கிட்டிருக்கும், யாராச்சும் ஒருத்தர் தொட்டுப் பாத்துட்டிருப்பாங்கன்னு. எனக்கு நடந்ததுல பாதி அங்க இருக்குதுன்னு ஒரு தெம்புங்க. இனி முழுசும் என்கிட்டயேதான் இருக்கும்."