லாபம், ரெண்டு, மூணு

ஆறு தன் இஷ்டத்துக்கு வழி மாறி ஓடிய அந்தக் காலத்திலே, ஆற்றங்கரை நாடு ஒன்றில் கோவேந்தன் என்று ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு மாதினி என்று ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. செவிலித்தாயின் இடுப்பிலும், அவள் வீட்டு நெற்களத்திலுமாக வளர்ந்தவள்.

மாதினி யானையின் வயிற்றுக்கடியில் புகுந்து ஓடுவாள். பாம்பைக் கண்டால் நின்று பார்ப்பாள். இடி இடித்தால் கை தட்டுவாள். ஆனால் கணக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வாத்தியார் தாண்டவனார் அதட்டிப் பார்த்தார். நடக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. அதிரசம் கொடுத்துப் பார்த்தார். அதிரசம் தீர்ந்தது, கணக்கு வரவில்லை. "மண்டையில் களிமண், மகாராஜா" என்று கையை விரித்துவிட்டார்.

ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டத்துக்குரிய பிள்ளை, பத்து வயதானதும் அறுவடை நாளில், ஊர் கூடிய களத்தில், புது நெல்லை மரக்காலால் அள்ளி, வாய்விட்டு எண்ணி அளக்க வேண்டும். எண்ணாத பிள்ளைக்குப் பட்டம் இல்லை. அந்த நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் ராஜா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கணக்கு எதுவும் கேட்கவில்லை. "எப்போதிருந்தும்மா இந்தப் பயம்?" என்று மட்டும் கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

மாதினி விரலைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "முதல் நாள் வாத்தியார் எண்ணச் சொன்னார். லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணினேன். அவர் சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. ஒண்ணுகூடத் தெரியாத ராஜகுமாரின்னு சொன்னாங்க."

"லாபமா? அது ஏனம்மா?"

"களத்திலே அப்படித்தானே அப்பா அளப்பாங்க. முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொன்னா அதோட நின்னுடுமாம். லாபம்னா பெருகுமாம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை தப்பாக எண்ணவே இல்லை. அரண்மனையிலேயே வளர்ந்தவர்களுக்குத்தான் களத்து எண்ணிக்கை தெரியவில்லை.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் புளியங்கொட்டை வைத்து விளையாடினார்கள். குவித்தார்கள், பங்கு போட்டார்கள், வரிசை கட்டினார்கள். ராஜாவும் நடுநடுவே தப்பு விடுவார். "அப்பா, நடுவிலே எட்டைத் தின்னுட்டீங்க" என்று மாதினி திருத்துவாள். தப்பு விட்ட பிறகும் அப்பா ராஜாவாகவே இருப்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது.

அறுவடை நாள் வந்தது. களம் முழுக்க ஜனம். முன்வரிசையில் தாண்டவனாரைப் பார்த்ததுமே மாதினியின் கை வேர்த்து, மரக்கால் நழுவி விழுந்தது.

ராஜா ஆசனத்தை விட்டு இறங்கி வந்தார். வைக்கோல் தூசியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். "உனக்குத் தெரிந்த மாதிரியே தொடங்கும்மா" என்றார்.

மாதினி மரக்காலை எடுத்தாள். நெல்லை அள்ளினாள். "லாபம்" என்றாள்.

"லாபம்" என்றது களம் முழுதும், ஒரே குரலில்.

ரெண்டு என்றாள், மூணு என்றாள். குரல் மேலே மேலே ஏறியது. அஞ்சுக்குப் பிறகு ஏழு என்று தாவிவிட்டாள். யாரும் சிரிப்பதற்குள் அவளே சிரித்து, "ஆறைத் தின்னுட்டேன்" என்று திரும்ப எண்ணினாள். சாக்கு நிறைந்தது. அடுத்த சாக்கும் நிறைந்தது. போதுமம்மா என்று ராஜா சொன்னபோதுகூட, இன்னும் ஒன்று என்று கேட்டாள்.

ஜனங்கள் தங்கள் பங்கு நெல்லோடு கலைந்தார்கள். அப்பாவும் மகளும் கைகோத்துப் போனார்கள். தாண்டவனார் மட்டும் தலை குனிந்து நின்றிருந்தார்.

பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிக்காமல், ஏன் அப்படிச் சொன்னாய் என்று பரிவோடு கேட்டால் கணக்கும் இனிக்கும்.

கடைசி ஆளாகத் தாண்டவனாரும் கிளம்பினார். அடி எடுத்து வைத்தவர் தமக்குள்ளே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: லாபம், ரெண்டு, மூணு... எண்ணிக்கொண்டே நடந்து போனார்.