வெறும் வட்டம்

பல்கலைக்கழகத்தில் பொது உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். இந்த முறையும் தவறினால் தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

தேர்வுக்கென்று ஜாடியில் வளர்த்த அமீபாக்கள் முந்தின வாரமே செத்துவிட்டன. பேராசிரியர் ஆவுடையப்பன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மைக்ராஸ்கோப்பில் பார்த்து அமீபாவை வரையணும்" என்றார். எல்லோரும் பாடப்புத்தகப் படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். இசக்கியம்மாள் லென்ஸில் தெரிந்தபடி வெறும் வட்டம் மட்டும் போட்டு வைத்தாள்.

வெளியூர்த் தேர்வாளருடன் வந்த ஆவுடையப்பன் அவள் தாளைப் பார்த்தார்.

"நாற்பது பேருக்குத் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியலையா? உனக்கு முட்டைதான்."

"என் கண்ணுக்கு எதுவும் அகப்படலை சார். நீங்க பார்த்து எங்கே இருக்குன்னு சொன்னா வரைஞ்சிடுறேன்."

அவர் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார். "இதோ, நடுவிலேயே இருக்கு. பொய்க்கால் நீட்டி நகருது பார்."

இசக்கியம்மாள் உள்ளங்கையை விரித்தாள். "ஸ்லைடு என் கையில இருக்கு சார். நீங்க வரும்போதே எடுத்துட்டேன்."

தேர்வாளர் மற்றத் தாள்களை வாங்கிப் புரட்டினார். நாற்பதிலும் ஒரே அமீபா. நாற்பதையும் சிவப்பு மையால் அடித்தார்.

இசக்கியம்மாள் தேறினாள். படிப்பு முடியும்வரை அவள் மேசையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை.